கண் கொட்டுவதை எண்ணிய டாக்டர்

எங்கள் எலப்புள்ளிக் கிராமத்துக்குப் பக்கத்திலிருக்கும் சித்தூரில் நான் பார்த்த அந்தக் கண் டாக்டர் ஒல்லியானவர். நாம் பேசும்போது கண்ணாடிக்கு மேலாக நம் முகத்தையே வெறித்துக்கொண்டிருப்பார். அம்மாவுக்கும் எனக்கும் ஒரே மாதிரிக் கண் எரிச்சல். எனக்கோ பரீட்சைக்குப் பத்து நாள்தான் இருந்தது.

அம்மாவின் கீழ் இமையில் ஒரு காகிதத் துண்டைச் செருகினார். ஐந்து நிமிடமாகியும் அது நனையவில்லை. "வயசானா கண்ணீர் வத்திப்போகுமுங்க" என்று சொட்டு மருந்து கொடுத்தார். என் காகிதம் நன்றாக நனைந்தது. உடனே செய்தித்தாளை நீட்டி, "படிங்க தம்பி" என்றார்.

எலப்புள்ளிக்காரனுக்குப் படிக்கத் தெரியுமா என்று சோதிக்கிறாரோ? விறைப்பாகப் படித்தேன்.

"அரைப் பக்கத்துக்கு மூணு தடவைதான் கண்ணு கொட்டுனீங்க. வரிக்கு ஒருக்கா மூடித் திறங்க, போதும்."

"ஏனுங்க, எனக்கு மருந்து இல்லீங்களா?"

"அவங்களுக்குக் கண்ணீரே இல்லீங்க. உங்களுக்கு இருக்குது, நீங்கதான் பரவ உடறதில்லை."

எழுந்தபோது அவருடைய மருந்து அலமாரியைப் பார்த்தேன். அம்மாவுக்குக் கொடுத்ததுதான் கடைசிப் புட்டி. மருந்து தீர்ந்ததால்தான் எனக்குத் தரவில்லையோ என்று வெளியே வந்து சொன்னதும் அம்மா சிரித்தாள்.

"டாக்டரையே சந்தேகப்படற அளவுக்குப் படிச்சுட்டயாக்கும்!"

வரிக்கு வரி கண் கொட்டியே பரீட்சைக்குப் படித்தேன். எரிச்சல் நின்றது. ஆனாலும், அலமாரியில் இன்னொரு புட்டி இருந்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று இன்றும் யோசிக்கிறேன்.