நேர்த் தெருவில் ஓட்டிப் பார்த்த கார்

வளைவுகளில் விரட்டி ஓட்டும் ஆசையில் பழைய, வேகமான ஹேட்ச்பேக் ஒன்றை வாங்கினேன். கடற்கரைப் பக்கம் நேர்த் தெருக்களிலேயே ஓட்டவிட்ட தரகர், பாட்டைச் சத்தமாக வைத்து, "ஸ்பீக்கரைக் கேளுங்க சார்" என்றார். நானும் தலையாட்டினேன்.

மறுநாள் ஈ.சி.ஆரில் முதல் வளைவிலேயே கார் வழுக்கி எதிர்ப்பக்கம் போய் நின்றது. எதிரே வந்த பஸ் டிரைவர் பிரேக் போட்டதால் நானும் மனைவியும் பிழைத்தோம்.

முத்தியால்பேட்டை மெக்கானிக் காரைத் தூக்கிப் பார்த்தார். "கார் தாழ்வா தெரியணும்னு ஸ்பிரிங்கை அறுத்து வச்சிருக்கானுங்க, வளைவுல டயர் எப்படிப் பிடிக்கும்? ஓட்டிப் பாத்தப்ப அடியில கடகடன்னு சத்தம் கேக்கலையா?"

தரகனோ, "ஓட்டிப் பாத்துதானே சார் வாங்கினீங்க?" என்கிறான். அயோக்கியன்.

"வளைவுக்குன்னு வாங்கறவரு வளைவுல ஓட்டிப் பாக்க வேணாமா?" என்று கேட்டாள் மனைவி.

இப்போது யாருக்குக் கார் பார்க்கப் போனாலும் முதலில் பாட்டை அணைக்கிறேன். மெக்கானிக் அடியில் பார்க்காமல் சாவியைத் தொடுவதில்லை. தரகர் முறைத்தால் முறைக்கட்டும்.