கடற்புல்லில் ஓட்டை பார்த்த வள்ளியம்மா

பெங்களூரு பொம்மனஹள்ளி வள்ளியம்மாவின் கண்ணுக்கு ஒரு தையல் விட்டுப்போனாலும் தப்பாது. பதினேழு வருஷம் கார்மென்ட்ஸில் செக்கர். சட்டையை விரித்துப் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். கல்யாணத்துக்குப் போனாலும் மாப்பிள்ளை முகத்தைப் பார்க்குமுன் காலரைத்தான் பார்ப்பார். நின்று நின்று முட்டி தேய்ந்தபிறகு, உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைக்காதா என்று ஏங்கினார்.

கிடைத்தது. கம்ப்யூட்டரில் கடலடிப் படங்கள் வரும். மவுஸால் கோடு போடவேண்டும். மழைநாளில் வெள்ளம் தேங்கும் சில்க் போர்டு சந்திப்பைத் தவிர வேறு கடலைப் பார்த்திராதவர் அவர். “புல்லைப் பார்த்து மார்க் போடுங்க ஆன்ட்டி” என்று சொல்லிவிட்டுப் போனான் மேற்பார்வையாளன் ஷ்ரேயாஸ். அவர் மகன் வயதுதான். ஆனாலும் அவருக்கு அவன் சார். ஒரு வாரம் சோதனை. தேறாவிட்டால் மறுபடி நிற்கிற வேலைதான். அந்தப் பயத்தில் டீக்குக்கூட அவர் எழுந்திருக்கவில்லை.

சனிக்கிழமை ஷ்ரேயாஸ் படங்களைத் திறந்தான்.

“அய்யோ, ஏனு ஆன்ட்டி இது, என்ன இது? புல்லை விட்டுட்டு வெறும் மண்ணைச் சுத்திக் கோடு போட்டிருக்கீங்க! அத்தனை படத்துலயும்!”

“புல்லுதான் நல்லா இருக்கே சார், அதுக்கு எதுக்கு மார்க்கு? ஓட்டை விழுந்த இடம் ஒண்ணு விடாம போட்டிருக்கேன், பாருங்க.”

ஷ்ரேயாஸ் தலையில் கைவைத்துக்கொண்டான். பிறகுதான் விளக்கினான்: காற்றிலிருந்து கடலில் கரையும் கரியமில வாயுவை இந்தப் புல் இழுத்து, வேரடி மண்ணில் பல நூறு வருஷம் புதைத்து வைக்கும். பூமி சூடாவது கொஞ்சம் மட்டுப்படும். எங்கே எவ்வளவு புல் என்று தெரிந்தால்தான் காப்பாற்ற முடியும்.

“நம்ம ஓசூர் ரோட்டுப் புகையும் அதுல சேர்த்தியா சார்?”

“அதுவும்தான்.”

பேசிக்கொண்டே ஒரு பொத்தானைத் தட்டி மார்க்கைத் தலைகீழாக்கினான். கோட்டுக்கு வெளியே இருந்ததெல்லாம் புல் ஆயிற்று. பெரிதாக்கிப் பார்த்தான், ஓர் இலைகூடப் பிசகவில்லை. இதே வேலையில் இன்ஜினியரிங் படித்தவர்கள் போட்ட கோடுகள் நினைவுக்கு வந்தனவோ என்னவோ, பெருமூச்சு விட்டான்.

“திங்கக்கிழமையிலேருந்து நீங்க பர்மனென்ட் ஆன்ட்டி.”

வள்ளியம்மாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. ஆனால் திரையை விட்டு நகரவில்லை.

“இவ்ளோ ஓட்டை எப்படி சார் விழுந்துச்சு?”

“மீன்பிடிப் படகுல வந்து வலை போட்டு அடியோட வாரிட்டுப் போயிடறாங்க.”

“சரி, நான்தான் கண்டுபிடிச்சுக் குடுத்துட்டேனே. ஆல்ட்ரேஷனுக்கு எப்போ போகும்?”

“அதுக்கு நம்ம ஆபீஸ்ல ஆள் இல்ல ஆன்ட்டி.”

“செக்கிங்குக்கு மட்டும் ஆள் வெச்சுட்டு, தைக்க ஒருத்தரும் இல்லாம என்ன கம்பெனி சார் நடத்துறீங்க?”