தாஷ்கண்ட் மெட்ரோவும் அரியலூர் பஸ்ஸும்

“…தாஷ்கண்ட் மெட்ரோவ நிலநடுக்கத்தையே தாங்குற மாதிரி தோண்டுனானுங்க சார். அதுகூடப் பெருசில்ல. ஏறப்போறவனுக்கு ஒரு வழி, எறங்கி வர்றவனுக்கு ஒரு வழின்னு வரையறப்பவே பிரிச்சுட்டான். ஒருத்தன் மேல ஒருத்தன் இடிக்கவே மாட்டான்!”

செந்துறை பஸ் ஸ்டாப்பில் என்னைப் பிடித்துக்கொண்ட அந்தப் பெரியவர், சோவியத் காலத்தில் தாஷ்கண்டில் படித்தவராம். சித்திரை வெயிலிலும் கோட்டு. பேச ஆள் கிடைத்தால் போதும், பேனாவை எடுத்து உள்ளங்கையிலேயே சுரங்கப்பாதை வரைந்து காட்டுவார். அக்குளில் ஒரு ஃபைல். புது பஸ் ஸ்டாண்டை அந்த மெட்ரோ மாதிரியே கட்டச் சொல்லும் வரைபடமும் மனுவும் அதில் இருந்தன. பத்து மணிக்குள் அரியலூர் கலெக்டர் ஆபீஸில் கொடுக்காவிட்டால், வேறு யாரோ போட்ட பிளானுக்குக் கையெழுத்தாகிவிடுமாம்.

“நம்ம ஜனங்க அதுக்கெல்லாம் பழகுவாங்களா?” என்றேன்.

“கட்டடம் பழக்கிடும் சார். ஒழுங்குங்கறது சிமெண்டுலயே இருக்கணும்.”

இந்தப் பேச்சை இன்னும் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதற்குள் பஸ் பிதுங்கிக்கொண்டு வந்தது. அவர் ஓடிப்போய் ஜன்னல் வழியாக ஃபைலை எறிந்து இடம் பிடித்தார். படியில் கூடையோடு நின்ற அம்மா, “யோவ் பெருசு, எறங்க வுடுய்யா மொதல்ல!” என்று கத்தினார்.

பெரியவர் கோட்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, அந்தக் கூடைக்கு அடியில் குனிந்து உள்ளே புகுந்துவிட்டார்.