திருநாவுக்கரசின் பெரிய பிக்கப்

போர்ட் பிளேரில் ஒரு சாலை நேராகப் போனால் சீக்கிரமே கடல் வந்துவிடும். கடல் வராவிட்டால் சாலை வளைந்துவிடும். இந்த ஊரில்தான், டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் குடியிருக்கும் ஒப்பந்தக்காரர் திருநாவுக்கரசு, மெயின்லேண்டில் எஸ்டேட் முதலாளிகள் வைத்திருக்கும் ரகத்தில் நீளமான பிக்கப் ஒன்றைச் சென்னையிலிருந்து கப்பலில் வரவழைத்தார். அவர் தொழில் ஜல்லியும் மணலும் சப்ளை செய்வது. அதற்கு ஒரு மினி லாரி போதும். அது அவரிடம் ஏற்கெனவே இருந்தது. பிறகு இது எதற்கு என்று கேட்டவர்களிடம், தேவைக்கு வாங்கினால் அது சாமான், தேவையில்லாமல் வாங்கினால்தான் அது வண்டி என்று விளக்கம் சொன்னார்.

விளக்கத்தோடு நின்றிருக்கலாம். கோயில் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்றுவிட்டார்.

பங்குனி உத்திரத்துக்கு முருகன் வீதியுலா போவது வெள்ளைச்சாமியின் டெம்போவில்தான். வெள்ளைச்சாமி காய்கறி வியாபாரி, திருநாவுக்கரசுக்கு மாமன் மகன். மயிலில் உலகத்தைச் சுற்றி வந்த சாமி, நேற்றுவரை தக்காளி உட்கார்ந்திருந்த இடத்தில் உட்காருவது தகுமா என்று திருநாவுக்கரசு சபையைக் கேட்டார். இந்த வருஷம் சாமி தன் வண்டியில்தான் என்றார். கமிட்டித் தலைவி இந்திராணி ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. எதையும் இரண்டு முறை சொல்லிப் பழக்கமில்லாதவர்.

“சரி. ஆனா வண்டி வரலைன்னா சாமி நிக்கும். சாமி நின்னா, நீங்க அப்புறம் இந்தக் கமிட்டியில உக்கார முடியாது.”

உத்திரத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பிக்கப்பில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. கோளாறு என்று சந்தேகம் வந்தாலே என்ஜின் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும் ஏற்பாடு அந்த வண்டியில் இருந்தது. மிதித்தால் சிங்கம் போல உறுமும். நகர்வது எருமை போல. நினைத்த இடத்தில் நின்றும்விடும்.

திருநாவுக்கரசு ஒர்க்‌ஷாப் தேடிப் புறப்பட்டார். கார் பார்க்கிற இடத்தில் இது லாரி என்றார்கள். லாரி பார்க்கிற இடத்தில் இது கார் என்றார்கள். இரண்டு தரப்பும் அவரவர் வாதத்துக்கு நியாயமான காரணம் வைத்திருந்தது. கடைசியில் ஒரு பெங்காலி மிஸ்திரி மட்டும் சம்மதித்தார். அவருடைய ஷெட் வண்டியைவிடக் குட்டை என்பதால், முன்பக்கத்தை இன்றைக்கும் பின்பக்கத்தை நாளைக்கும் பார்ப்பதாக ஏற்பாடு. முன்பக்கம் ஷெட்டுக்குள் நுழைந்ததும் பின்பக்கம் சாலையை அடைத்துக்கொண்டது. அதன் பின்னால் ஒரு பஸ் நின்றது, பஸ்ஸுக்குப் பின்னால் ஊர் நின்றது. முன்பக்கமும் பார்க்கப்படாமலே வண்டி வெளியே வந்தது.

கம்பெனிக்குப் போன் போட்டார். போனை எடுத்த பெண் மிகுந்த மரியாதையோடு, அவருக்கு மிக அருகிலுள்ள சர்வீஸ் சென்டர் சென்னையில் இருப்பதாகவும், விளக்கு எரியும்போது மெதுவாக ஓட்டி வந்தால் போதும் என்றும் சொன்னார். நடுவில் கடல் இருக்கிறது என்று இவர் சொன்னதற்கு, வேறு பாதை ஏதாவது இருக்கிறதா பாருங்கள் சார் என்றார். கப்பல் ஏஜென்ட் ஒருவரைப் போய்ப் பார்த்தார். ஓடும் நிலையில் இருக்கும் வண்டியைத்தான் கப்பலில் ஏற்றுவோம் என்றார் ஏஜென்ட். ஓடினால் நான் ஏன் ஏற்றுகிறேன் என்று கேட்டதற்கு, அது உங்கள் இஷ்டம் என்று பதில் வந்தது.

கடைசி நம்பிக்கை, அக்கரையில் பம்பூஃபிளாட்டில் படகு ரிப்பேர் செய்யும் சுதாகர். டுங்கி என்கிற சின்ன மீன்பிடிப் படகுகளின் என்ஜின்களைப் பிரித்துப் போட்டுப் பிழைப்பவர். படகையே தூக்குகிற செயின் பிளாக் அவரிடம் உண்டு. உத்திரத்துக்கு முதல்நாள் காலையில் சாத்தம் துறையில் பிக்கப்பை ஃபெர்ரியில் ஏற்றினார்கள். இரண்டு ஜீப்புக்கான இடத்தை அது பிடித்துக்கொள்ள, கரையில் விடப்பட்ட ஜீப்காரர்கள் ஹிந்தியில் வாழ்த்தி அனுப்பினார்கள். அதே ஃபெர்ரியில், அக்கரையில் காய்கறி போடுகிற சாக்கில் வெள்ளைச்சாமியும் வந்தார்.

“மாப்ளே, டெம்போவைக் கழுவி வெச்சுட்டேன். நீ வந்து கூப்பிடணும்னு இல்ல. சாமி கூப்பிட்டா வந்துருவேன்.”

திருநாவுக்கரசு பிக்கப்புக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

சுதாகர் பிக்கப்பைச் சங்கிலியில் தொங்கவிட்டு, அடியில் படுத்துக்கொண்டு, அரித்துப்போயிருந்த ஒயர்களை வெட்டி ஒட்டினார். உப்புக்காற்று அரித்தது என்றார். படகில் இதெல்லாம் சகஜமாம். மத்தியானத்துக்கு மேல் வண்டியை இறக்கினார்.

“அண்ணே, இனிமே நிக்காது. கேரன்டி. லேகின் தேஜ் நஹி ஜாயேகா, வேகமாப் போகாது. வேகம் வேணும்னா அதோட கம்ப்யூட்டர்கிட்ட பேசணும். அந்த மிஷின் மெயின்லேண்ட்லதான் இருக்கு.”

கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் மேல் திருநாவுக்கரசு உட்கார்ந்துவிட்டார். கமிட்டியில் அவர் நாற்காலி இரண்டாவது வரிசையில், ஃபேனுக்குக் கீழே. அதை வாங்க அவருக்குப் பல வருஷம் பிடித்திருந்தது.

ஃபெர்ரி துறைக்குத் திரும்பும்போது வண்டி ஊர்ந்தது. கேலி செய்வதற்கென்றே வெள்ளைச்சாமி ஜன்னலோரமாக நடந்து வந்தார். சின்னப் பிள்ளை மூணு சக்கர சைக்கிளில் முந்திப் போகிறது பார் என்றார். காயலான் கடைக்காரன் எடைக்குத்தான் எடுப்பான் என்றார். கொஞ்ச தூரம் போனதும் பேச்சு நின்றது. தானும் வண்டியும் ஒரு அடி முன்பின் இல்லாமல் போவதை அவர் கவனித்திருந்தார்.

“மிதிச்சுக்கிட்டா வர்றே?”

“இல்ல.”

“கிளட்ச்?”

“இதுல கிளட்சே கிடையாது மச்சான். ஆட்டோமேட்டிக்.”

வெள்ளைச்சாமிக்கு வயிறு எரிந்தது. வயிறு எரிந்தால் மனிதன் உண்மை பேசிவிடுகிறான்.

“வருஷா வருஷம் சாமி இறங்குன மறுநாள் நான் கிளட்ச் பிளேட்டு மாத்துறேன்டா. நாயனத்துக்குப் பின்னாடி அரைக் கிளட்சுல ஊர்ந்து ஊர்ந்து முழங்காலே போச்சு. உனக்கு மட்டும் இப்படி ஒரு…”

யாரிடம் சொல்கிறோம் என்பது நினைவுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டார். மூடி என்ன பயன்? திருநாவுக்கரசு தலையை வெளியே நீட்டி, சாமி எந்த வேகத்தில் போகும் மச்சான் என்று மிகவும் அன்பாகக் கேட்டார்.

உத்திரத்தன்று முருகன் பிக்கப்பில் புறப்பட்டார். ஜெனரேட்டர், மயில் ஜோடனை, குருக்கள், குருக்களின் உதவியாளர் எல்லோரும் ஏறியும் இடம் மிச்சமிருந்தது. உதறல் இல்லை, குலுங்கல் இல்லை. காவடிக்காரர் நடையும் வண்டி நடையும் ஒன்றாக இருந்தது. திருநாவுக்கரசு காலை மடித்துச் சம்மணமிட்டு, ஒரு கையால் ஸ்டியரிங்கைத் தொட்டபடி இருந்தார். வண்டியைச் சாமியே ஓட்டிக்கொள்கிறது என்ற பேச்சு அடுத்த தெருவுக்கு வண்டிக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. அங்கே கற்பூரம் இரண்டு மடங்காக எரிந்தது. பிரசாத அண்டாவோடு பின்னால் வந்த வெள்ளைச்சாமியின் டெம்போவில் புகை வந்தது. அதுவும் கற்பூரப் புகைதான் என்று அவர் கடைசிவரை சாதித்தார்.

சில வாரம் கழித்துக் கம்பெனி நிஜமாகவே ஒரு இன்ஜினியரை விமானத்தில் அனுப்பியது. கையில் லேப்டாப்போடு டெய்ரி ஃபார்முக்கு வந்தவர், கால் மணியில் சரியாகிவிடும், வண்டி பறக்கும் என்றார். திருநாவுக்கரசு பானெட்டைத் திறக்கப் போனார். செய்தி எப்படியோ போய், இந்திராணி ஆட்டோவில் வந்து இறங்கினார்.

“சாமி வண்டியில கை வைக்கணும்னா கமிட்டி தீர்மானம் போடணும்” என்றார். “கமிட்டியில நீங்களும் இருக்கீங்க. நீங்க ஒருத்தர் மட்டும் தாராளமா ஆதரிச்சு ஓட்டுப் போடுங்க.”

இன்ஜினியர் மறுநாள் விமானத்தில் திரும்பினார்.

மினி லாரியை இதற்கிடையில் விற்றுவிட்டதால், திருநாவுக்கரசு இப்போது சைட்டுக்கு ஜல்லியைப் பிக்கப்பில்தான் கொண்டுபோகிறார். காலையில் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். பின்னால் நிற்கும் பஸ்கூட ஹாரன் அடிப்பதில்லை. வண்டி வருவதைக் கண்டதும் ஜனங்கள் ஓரமாக ஒதுங்கிச் செருப்பைக் கழற்றுகிறார்கள். அவர்கள் கும்பிட்டு முடிக்கும்வரை, முக்கால் இஞ்ச் ஜல்லி நிதானமாக அவர்களைக் கடந்துபோகிறது.