குளித்துப் பார்த்து வாங்கிய ஹீட்டர்

எங்கள் வீட்டு ஹீட்டர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தன் வேலையை முடித்துக்கொண்டது. குளித்துக்கொண்டிருந்த என் கணவர் தலை நிறைய சோப்பு நுரையோடு கதவை லேசாகத் திறந்து, "இஞ்ச வந்து பாரு, குழாயில கட்டன்சாயா வருது" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். பால் விடாத டீயின் அதே நிறத்தில்தான் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

பாறசாலையிலிருந்து எலக்ட்ரீஷியன் ஸ்கூட்டரில் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். ஹீட்டரின் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "உள்ள டாங்க் துருவெடுத்துப் போச்சு சேச்சி. இனி இத நன்னாக்க முடியாது" என்றாள். "இப்ப டாங்க் இல்லாத ஹீட்டர் உண்டு. குழாயத் திறந்ததும் அப்பவே தண்ணிய சூடாக்கித் தரும். தீராது."

தீராது என்ற சொல்லில் என் மகள் மயங்கிவிட்டாள். கல்லூரிக்குப் போகிற பெண், இடுப்பு வரை முடி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் புறப்படுவதற்குள் அவள் தலை குளித்துவிட்டால் அப்புறம் வருகிறவருக்குச் சுடுதண்ணீர் கிடையாது. அதற்காகவே வாரா வாரம் ஒரு சண்டை நடக்கும்.

ஆனால் என் மாமி, கணவரின் அம்மா, அடுக்களை வாசலில் நின்றபடியே கேட்டார். "சேத்து வைக்காத தண்ணியில எங்க இருந்து மக்கா சூடு வரும்? பழைய ஹீட்டருன்னா கரண்ட் போனாலும் ஒரு ஆளு குளிக்க உள்ள சூடு கெடக்கும். இதுல என்ன கெடக்கும்?"

எலக்ட்ரீஷியன் சிரிக்காமல் பதில் சொன்னாள். கரண்டில் ஓடுகிற சின்ன ஹீட்டர் எங்கள் பழைய வயரிங்குக்குச் சரிப்படாது, வோல்டேஜ் குறைகிற நேரத்தில் தண்ணீர் வெறும் வெதுவெதுப்பாகத்தான் வரும். கேஸில் எரிகிறது நல்லது. "ஆனா பாத்ரூமுக்கு உள்ள வைக்கப்பிடாது. வெளிச்சுவருலயாக்கும் மாட்டணும். புகை நிக்காம போகணும்."

கேஸ் என்றதும் மாமி, "அப்ப வேண்டவே வேண்டாம்" என்று உள்ளே போய்விட்டார்.

இரண்டு வாரம் அடுப்பில் தண்ணீர் காய்ச்சி, பானையைத் துணியால் பிடித்துக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கணவர் சாப்பிடும்போதும் ஹீட்டர் வீடியோக்கள் பார்த்தார், மலையாளத்தில் கொஞ்சம், தமிழில் கொஞ்சம். ஒருவர் நல்லது என்று சொன்னால் அடுத்தவர் வேண்டாம் என்றார். கடைசியில் நான் காரோடு என்கிற ஊரில் இருக்கும் என் அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் வீட்டில் போன வருடம்தான் கேஸ் ஹீட்டர் வைத்திருந்தார்.

"போன்ல சொன்னா உனக்கு எப்பிடிப் புரியும்?" என்றார் அண்ணன். "எல்லாரும் வாங்க. வந்து குளிச்சுப் பாருங்க."

நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிங் வேலை எனக்கு. இரண்டாம் சனிக்கிழமை லீவு. அன்று காலை தலை துவட்ட நாலு துவர்த்து, மாற்றுத் துணி, சோப்பு எல்லாம் ஒரு பையில் வைத்துக்கொண்டு எங்கள் ஊர் உதியன்குளங்கரையில் ஆட்டோவுக்கு நின்றோம். அடுத்த வீட்டு அக்கா பையைப் பார்த்துவிட்டு, "குடும்பத்தோட எங்க?" என்று கேட்டார்.

"குளிக்கப் போறோம்" என்றாள் மகள்.

"கடலுலயா?"

"இல்ல, மாமா வீட்டு பாத்ரூமுல."

அந்த அக்கா பையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஆட்டோ கிளம்பியதும் நாங்கள் சிரித்த சிரிப்பில் டிரைவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மாமியும் சிரித்தார். ஆனாலும், "நான் குளிக்க வரல. உங்களுக்குத் துணைக்கு வாறேன்" என்று உடனே சொல்லிக்கொண்டார்.

அண்ணன் வீட்டில் மைனி, அண்ணனின் மனைவி, என்னைத்தான் முதலில் உள்ளே அனுப்பினார். குழாயைத் திறந்தேன். வெளிச்சுவரில் டப்பென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் கைக்குச் சூடு தட்டியது. அப்புறம் விடாமல் வந்தது. தோளில் சுடுதண்ணீர் விழ விழ அப்படியே நின்றேன். கல்யாணமாகி வந்த நாள் முதல் வீட்டில் நான்தான் கடைசியாகக் குளிக்கிறவள். கேட்டால், எனக்குப் பச்சைத் தண்ணீர்தான் பிடிக்கும் என்பேன். சொல்லிச் சொல்லி நானே அதை நம்பியிருந்தேன். எவ்வளவு பெரிய பொய் என்று அங்கே நின்றபோதுதான் தெரிந்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எனக்குப் பிறகு கணவர், அவருக்குப் பிறகு மகள். மூன்று பேருக்கும் தண்ணீர் ஒரே சூட்டில் வந்தது. துணைக்கு வந்த மாமி மைனியிடம், "சும்மா ஒரு கை நனைச்சுப் பாக்கேன்" என்றார். பைக்குள்ளிருந்து அவருடைய துவர்த்து வெளியே வந்தது. அதற்குள் மடித்து வைத்த மாற்றுச் சேலையும் இருந்தது.

அவர் உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. மழைக்கார் மூடிய நேரம். வீடே இருண்டது. மைனி பதறிப்போய் கதவைத் தட்டினார். "மாமி, இருட்டுன்னு பேடிக்காண்டாம், இன்வெர்ட்டர் ரிப்பேர், மெழுகுதிரி கொண்டு வாறேன்!"

"எனக்கு மெழுகுதிரி வெட்டமே வேண்டாம்!" உள்ளிருந்து குரல் வந்தது. "தண்ணி சூடாட்டுத்தான் வருது! நீங்க போங்க!"

அந்த ஹீட்டர் பேட்டரியில் பற்றிக்கொள்கிறது, கரண்டே வேண்டாம் என்று அண்ணன் விளக்கினார். நாங்கள் அவித்த மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் தட்டில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். கறி ஆறியது. மாமி வந்தபாடில்லை. வெளியே வந்தபோது முகம் பளபளவென்று இருந்தது. "கொள்ளாம்" என்று மெச்சி ஒரே வார்த்தை சொல்லிவிட்டு இரண்டு முறை மரச்சீனி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

முடிவாகிவிட்டது என்று நினைத்தோம். ஆனால் எலக்ட்ரீஷியன் வந்து மொட்டை மாடியைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். அண்ணன் வீடு மாடி வீடு, தண்ணீர்த் தொட்டி நல்ல உயரத்தில் இருக்கிறது. எங்கள் தொட்டி தளத்திலேயே உட்கார்ந்திருந்தது. "இவ்வளவு மெதுவாட்டு தண்ணி வந்தா ஹீட்டர் பத்திக்கிடாது சேச்சி. இரும்பு ஸ்டாண்ட் வச்சுத் தொட்டிய ஏத்தணும்."

கணவர் பின்வாங்கினார். "இவ்வளவு பாடு எதுக்கு? பழைய மாதிரி ஒண்ணே வாங்கிருவோம்."

அப்போது மாமி பேசினார். "எலே, இந்த வீட்டுல கடைசியாட்டு குளிக்கது யாரு?"

கணவர் என்னைப் பார்த்தார்.

"பச்சத் தண்ணி பிடிக்கும் பிடிக்கும்னு இத்தன வருசமாட்டு சொல்லுகா. நாம எல்லாரும் அதக் கேட்டுக்கிட்டு சும்மா இருந்தோம். அன்னைக்கு காரோட்டுல குளிச்சுட்டு வந்தாளே, அவ மொகத்த நீ பாத்தியா? நான் பாத்தேன். தொட்டிய ஏத்துலே."

நான் அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதும் அடுக்களைக்குள் போய் நின்றேன்.

அடுத்த வாரமே ஸ்டாண்ட் வந்தது. தொட்டியைக் காலி செய்து, பக்கத்து வீட்டுக்காரர்களும் ஒரு கை பிடித்து மேலே ஏற்றினார்கள். வெளிச்சுவரில் ஹீட்டரை மாட்டிய எலக்ட்ரீஷியன், கேஸை எப்படி மூடுவது, பேட்டரியை எப்போது மாற்றுவது என்று எங்கள் நாலு பேருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் கொடுத்து, திருப்பிச் சொல்லவும் வைத்தாள்.

அன்று மத்தியானம் எங்களில் யாருக்கும் பொறுமை இல்லை. ஒருவர் பின் ஒருவராகக் குளித்தோம், கடைசி ஆளுக்கும் சூடு குறையவில்லை. மாலை சாயா குடிக்க முன்னறையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தபோது மகள், மாமி, நான் மூவருக்கும் தலை ஈரம். தரை முழுக்கச் சொட்டிக்கொண்டிருந்தது. யாரும் துடைக்க எழுந்திருக்கவில்லை.