சொல்லாமல் விட்ட கோல்

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன், கோடைகால ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்தது இது. பாரிஸுக்கு வெளியே, எபினே பக்கத்து மைதானமொன்றில் புலம்பெயர்ந்த எங்கள் ஊர்க்கழகங்களின் உதைபந்தாட்ட இறுதிப்போட்டி.

நான் போனது ஆட்டம் பார்க்க அல்ல, ஒரு குரலுக்குச் சொந்தக்காரரைப் பார்க்க. கலியாணமாகி, பாரிஸ் புறநகரான பொண்டிக்கு வந்த புதிதில் எனக்குப் பிரெஞ்சும் தெரியாது, அயலும் தெரியாது. கணவருக்கு ஞாயிறும் உணவகத்தில் வேலை. தமிழ் வானொலிதான் துணை. ஞாயிறு பின்னேரங்களில் அந்தக் குரல்காரர் அதில் உதைபந்தாட்ட நேர்முக வர்ணனை செய்வார். "பந்து கோலைக் கும்பிட்டுப்போட்டு வெளியாலை போகுது" என்பார். கறியைக் கிளறியபடி தனியே சிரிப்பேன். ஓஃப்சைட் என்றால் என்னவென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் அவர் மூச்சை இழுத்துப் பிடித்தால் நானும் அகப்பையோடு அப்படியே நின்றுவிடுவேன்.

அன்று நாலு வயது மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். வர்ணனைக் கூடாரத்தில் இருந்தவர் ஒல்லியான, நரைத்த மனிதர். வாரநாட்களில் பிரெஞ்சு உணவகமொன்றில் சமையல் வேலையாம். இந்த உடம்பிலிருந்தா அந்தக் குரல் என்று வாய்பார்த்து நின்றேன். திரும்பினால் பக்கத்தில் மகள் இல்லை.

ரோல்ஸ் விற்ற இடம், கழிவறை, வாசல் என்று ஓடினேன். யாரைக் கேட்டாலும் கண் பந்தில்தான். ஆட்டம் முடியப்போகிறது, இரண்டு பக்கமும் சமநிலை. வேறு வழி தெரியாமல் கூடாரத்துக்குள் புகுந்து அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"அண்ணை, என்ரை பிள்ளையைக் காணேல்லை."

அவர் ஒன்றும் விசாரிக்கவில்லை. "என்ன உடுப்பு, தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

"அன்பான நேயர்களே, பந்தை விடுங்கோ. மஞ்சள் சட்டை, ரெட்டைப் பின்னல், நாலு வயசுப் பிள்ளை. இஞ்சை நிக்கிறவை பக்கத்திலை பாருங்கோ. வெளியிலை வானொலி கேக்கிறவை றோட்டைப் பாருங்கோ."

ஒலிபெருக்கியிலும் வானொலியிலும் ஒரே நேரத்தில் அந்தக் குரல். திடீரென்று மைதானமே ஆர்ப்பரித்தது. கோல் விழுந்துவிட்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. மஞ்சள் சட்டை, ரெட்டைப் பின்னல் என்று தமிழில் சொன்னார், பிரெஞ்சில் சொன்னார், மறுபடி தமிழில் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் மரக்கறிக் கடைக்காரர் ஒருவர் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். மைதானத்துக்கு வெளியே தன் வாகனத்துக்குள் இருந்து வானொலி கேட்டவர்.

"பஸ் கதவு திறந்து கிடக்குது, பிள்ளை ஏறப்போகுது. அண்ணை சொல்லாட்டி நான் நிமிர்ந்தும் பாத்திருக்க மாட்டன்" என்றார்.

நான் மகளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அறிவிப்பாளர் குனிந்து அவளிடம், "ஆர் கோல் அடிச்சதெண்டு நீங்கள் கண்டனீங்களே? நான் காணேல்லை" என்று கேட்டார்.

கோலைச் சொல்லாமல் விட்டதற்கு வானொலிக்குத் தொலைபேசி எடுத்து ஏசியவர்களும் இருந்தார்களாம். அடுத்த ஞாயிறு அவர், "போன கிழமை ஒரு கோல் தவறிப்போச்சு, ஒரு பிள்ளை கிடைச்சிட்டுது" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டத்துக்குப் போய்விட்டார்.

போன மாதம் பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், ரூ பெர்தொனே தெருவில் மகளோடு சாமான் வாங்கப் போனபோது, கடைக் கண்ணாடியில் அவருடைய படம். கண்ணீர் அஞ்சலி என்று கீழே எழுதியிருந்தது. என்னால் நகர முடியவில்லை.

"செ கி, அம்மா?" என்று மகள் கேட்டாள். யார் இது என்கிறாள்.

தெருவிலேயே நின்று சொன்னேன். அவளுக்கு எதுவும் நினைவில்லை. கேட்டு முடித்ததும் அந்தப் படத்தைக் கைபேசியில் எடுத்துக்கொண்டாள்.

இப்போது அவள் பிரெஞ்சில் எனக்கு வாய்காட்டும் நேரங்களில் என் கோபம் பாதியிலேயே அடங்கிவிடுகிறது. இந்தச் சத்தம் என் வீட்டில் கேட்பதே அவர் தந்ததுதானே என்று நினைத்துக்கொள்கிறேன்.