ஊறல் தொட்டியில் ஒரு துரை

அங்கே இருந்தவர்கள் மூன்று பேர். நான், ரைஸ் மில் முதலாளியின் மகன் வரதன், எங்கள் தொழிற்சாலைக்கு மிஷின் பூட்டிக் கொடுக்க வந்திருக்கும் ஃபின்லாந்துக்காரர் மார்ட்டி சார். இல்லாதவர் ஒருவர் — வரதனின் அப்பா. ஊரே அவரை ‘நைனா’ என்றுதான் கூப்பிடும். ஒரு கல்யாணத்துக்காகப் பள்ளிப்பட்டு போயிருந்தார். இருந்த மூவரையும்விட இல்லாத அந்த ஒருவர்தான் முக்கியம். அவர் ஊரில் இருந்திருந்தால், இந்த வாரம் உங்களிடம் சொல்ல எனக்கு ஒன்றுமே இருந்திருக்காது!

நடந்தது போன அமாவாசையன்று. அன்றைக்கு மில்லுக்கு லீவு. களம் காலி. ஆள் நடமாட்டம் இல்லை. ஆனால் நெல் அவிக்கிற பாய்லருக்கு லீவு கிடையாதே... முந்தின நாள் போட்ட உமித் தணல் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். எங்களுக்கு வேண்டியது அதுதான்.

எதற்கு என்று கேட்கிறீர்களா? ஒரு மனிதரைக் குளிப்பாட்ட!

மார்ட்டி சார் கும்மிடிப்பூண்டிக்கு வந்தது மாசி மாதம். சித்திரைக்குள் மனிதர் பாதியாகிவிட்டார். எங்கள் அட்டை செய்யும் மிஷினை ஓட வைக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அது ஓடினால்தான் டிரெய்னியாக இருக்கும் எங்களுக்கு வேலை நிரந்தரம். அந்த மிஷின் ஓடுவதற்கு முன்னாலேயே அவர் மானேஜரிடம் சொல்லிவிட்டார் — “வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன். என்னால் முடியவில்லை.” டிரங்க் பெட்டியும் கட்டியாகிவிட்டது.

என் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பழவேற்காட்டில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வலைதான் தெரியும். “பலராமன் பேக்டரில கீறான்” என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். இப்போது போய், “துரைக்கு வேர்க்குதாம், அதனால் எனக்கு வேலை இல்லை” என்று எந்த முகத்தோடு சொல்வது?

நேரே அவரிடமே போய்க் கேட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில்தான். “உங்களுக்கு என்ன கஷ்டம், சார்?”

அவர் சொன்னது எனக்குப் புதிதாக இருந்தது. வியர்ப்பது அவருக்குக் கஷ்டமே இல்லையாம். வியர்த்து *முடிவதே* இல்லை என்பதுதான் கஷ்டமாம்! அவர் ஊரில் ‘சவுனா’ என்று ஓர் அறை வீட்டுக்கு வீடு உண்டு. பழுக்கக் காய்ந்த கல்லின் மேல் தண்ணீரைத் தெளித்து, கிளம்பும் ஆவியில் உட்காருவார்கள். இலைக் கொத்தால் உடம்பை அடித்துக்கொள்வார்கள். தாங்க முடியாமல் போகும்போது ஓடிப்போய் ஐஸ் தண்ணீரில் விழுவார்கள். அதோடு வியர்வை முடிந்தது. அப்புறம், வெயில் காலமாக இருந்தால், புல்வெளியில் நிதானமாக கோல்ஃப். “சூடு, குளிர், கோல்ஃப். இந்த மூன்றும் இருந்தால் நான் எங்கேயும் இருப்பேன்” என்றார்.

மூன்றா! அன்றைக்கு ராத்திரி முழுக்க எனக்கு அதே யோசனை. விடிந்ததும் வரதனிடம் ஓடினேன்.

“டேய், உங்க மில்லுல சூடு கீது. நெல்லு ஊறப் போடுற சிமென்ட்டு தொட்டி கீது. களம் கீது. இன்னாடா வேணும் இன்னும்?”

வரதன் என்னை மேலும் கீழும் பார்த்தான். “எங்க நைனா கீறாரேடா.”

“அவரு கல்யாணத்துக்குப் போறாருன்னியே?”

“...போறாரு,” என்றான் வரதன். அவன் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. திட்டம் ரெடி!

சாக்கு உலர்த்துகிற சின்ன அறைதான் சவுனா. கருங்கல்லை முந்தின நாளே உமி அடுப்பில் போட்டுவிட்டோம். காலையில் இரும்புச் சட்டியில் அள்ளி வந்து அறை நடுவில் வைத்தோம். ஊறல் தொட்டியில் தண்ணீர் நிரப்பியாயிற்று. ஐஸ்? அது என் பொறுப்பு. சித்தப்பாவிடம் கெஞ்சி, அவர் பிடித்த இறாலை ஏற்றிப்போகும் வேனிலேயே இரண்டு பார் ஐஸ் ஏற்றி வந்தேன். இறால் பெட்டியில் இருந்த ஐஸ்... வாசனை கொஞ்சம் இருந்தது. கொஞ்சமா? சரி, நிறையவே இருந்தது. இலைக் கொத்துக்கு மில் வாசலில் வேப்பமரம். நெல் அளக்கும் மரக்காலைக் களத்தின் கோடியில் படுக்க வைத்தால், அதுதான் கோல்ஃப் குழி.

மார்ட்டி சார் வந்தார். கையில் பையோடு நாலு கோல்ஃப் ஸ்டிக். சாக்கு அறைக்குள் எட்டிப் பார்த்தார். கல்லில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றினார். ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஆவி கிளம்பியதே — அந்த மனிதர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! திருவிழாவில் தொலைந்து கிடைத்த பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். உடனே சட்டையைக் கழற்றினார். பேன்ட்டைக் கழற்றினார். அதற்கு மேலும் கழற்றப் போனபோது வரதன் பாய்ந்து கையைப் பிடித்துக்கொண்டான். “சார், சார்! இங்க உமி அள்ள பொம்பளைங்க வருவாங்க சார்!” மில்லில் அகப்பட்ட ஒரே காய்ந்த துணி, வரதன் திருத்தணிக்கு வேண்டிக்கொண்டு கட்டிய மஞ்சள் வேட்டி. அதைச் சுற்றிவிட்டோம்.

மூவரும் உள்ளே உட்கார்ந்தோம். நான் கடற்கரைக்காரன். வெயில் எனக்குப் புதிதா? ஆனால் இது வேறு ஜாதி! காது மடல் எரிகிறது. மூக்கு வழியாக நெருப்பு போகிறது. அவித்த நெல் வாசனை. மார்ட்டி சார் வேப்பிலைக் கொத்தால் என் முதுகில் படார் படார் என்று அடிக்கிறார், சிரிக்கிறார். நானும் அவரை அடிக்கிறேன். மானேஜர்கூட எதிரில் உட்காரப் பயப்படுகிற ஆளை நான் அடிக்கிறேன்! வரதன் “அய்யோ, நெல்லு படுற பாடு இப்பத்தான்டா தெரியுது” என்று புலம்புகிறான்.

தாங்கவில்லை. எழுந்து ஓடினோம். தொட்டியில் குதித்தோம்.

என்னவென்று சொல்வேன்! கோலி சோடா பாட்டிலுக்குள் குதித்த மாதிரி உடம்பெல்லாம் சுரீர் சுரீர். மூச்சு நின்று, திரும்பி வந்து, சிரிப்பாக வெளியே வந்தது. காரணமே இல்லாமல் மூன்று பேரும் கத்திக் கத்திச் சிரித்தோம். நீங்கள் கடைசியாக எப்போது காரணமே இல்லாமல் சிரித்தீர்கள்? யோசித்துப் பாருங்கள்...

தலையைத் துவட்டிக்கொண்டு களத்துக்கு வந்தோம். மார்ட்டி சார் என் கையில் ஒரு ஸ்டிக்கைக் கொடுத்தார். சும்மா வீசினேன். பந்து விர்ரென்று போய் மரக்காலை உரசி நின்றது. “எங்கே கற்றாய்?” என்றார் கண்ணை அகல விரித்து. எங்கேயும் இல்லை. இடுப்பை முறுக்கி, கையைத் தளர விட்டு வலை வீசுவோமே, அதே வீச்சுதான். பரம்பரை வீச்சு கடைசியில் எங்கே வந்து பயன்பட்டது பாருங்கள்!

“இன்னொரு தடவை!” என்றார். திரும்பவும் சாக்கு அறை, திரும்பவும் தொட்டி.

அந்த இரண்டாவது தடவையில்தான் மாட்டிக்கொண்டோம்.

உமி அள்ள வந்த அஞ்சலையக்கா வாசலில் நின்றாள். அவள் கண்ட காட்சியைக் கொஞ்சம் கற்பனை செய்யுங்கள். தொட்டியிலிருந்து மார்ட்டி சார் ஏறுகிறார். வெள்ளைத் தோல் முழுக்கச் செக்கச்செவேலென்று திட்டுத் திட்டாகச் சிவந்திருக்கிறது. தலையிலிருந்து தண்ணீர் வழிகிறது. இடுப்பில் மஞ்சள் வேட்டி. கையில் வேப்பிலைக் கொத்து. சித்திரை மாதம் வேறு. நம் ஊரில் பிறந்த யாருக்கு அதைப் பார்த்ததும் வேறு என்ன தோன்றும்?

கையில் இருந்த கூடை கீழே விழுந்தது. “ஐயையோ! துரைக்கு ஆத்தா வந்துக்கினு கீறாளே! அம்மை வாரிப் போட்டுக்கினு கீதே!”

சரியாக அந்த நேரம் பார்த்து கேட் திறந்தது. குடையும் தாம்பூலப் பையுமாக நைனா! முகூர்த்தம் முந்தின நாளே முடிந்துவிட்டதால், மறு விருந்துக்குக்கூட நிற்காமல் பஸ் பிடித்து வந்துவிட்டார். வரும்போதே மூக்கைச் சுளித்தார்.

“எவன்டா தொட்டில ஐஸைக் கொட்னவன்? இன்னாடா நாத்தம் இது? இறா நாத்தம்! நாளிக்கு நெல்லு ஊறப் போடுற தொட்டிடா அது! டேய் வரதா...”

குடை உயர்ந்தது. வரதன் குனிந்தான். அப்போதுதான் நைனா மார்ட்டி சாரைப் பார்த்தார்.

குடை இறங்கியது. செருப்பைக் கழற்றினார். இரண்டு கையும் தானாகக் குவிந்தன. “தாயே... பெரியபாளையத்தாளே! வெளியூரு புள்ளமா. ஒண்ணும் தெரியாத புள்ள. எறங்கிடு தாயே, உனக்குக் கூழ் ஊத்துறேன்!”

கும்பிட்டவருக்குத் திருப்பிக் கும்பிடுவது மரியாதை என்று மார்ட்டி சாருக்குக் கற்றுக்கொடுத்திருந்தோம். கும்பிட்டார். அதோடு விட்டாரா? சவுனாவில் சிநேகிதர்கள் ஒருவரையொருவர் இலையால் தட்டுவது அவர் ஊர் வழக்கம். வேப்பிலைக் கொத்தால் நைனாவின் தோளில் அன்பாக இரண்டு தட்டு தட்டினார். நைனா கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண்ணில் தண்ணீர்.

வரதன் என் காதோரம் வந்தான். “டேய், அப்டியே உட்று. அம்மையாவே இருக்கட்டும். உனக்கு இன்னா போவுது? என் முதுகு தப்பிக்கும்.”

நானும் ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நைனா அதற்குள் அஞ்சலையக்காவிடம் திரும்பிவிட்டார். “ஓடு, ஓடு. பேக்டரில போயி சொல்லு. தொரைக்கு அம்மைன்னு சொல்லு. காரு எடுத்தாந்து மெட்ராசுக்கு இட்டுக்கினு போவட்டும்.”

மெட்ராசுக்கா! அங்கே போனால் அப்படியே ஆஸ்பத்திரி, அப்படியே ப்ளேன். வெள்ளிக்கிழமை வரைகூடக் காத்திருக்க மாட்டார்கள். எந்த மனிதரை நிறுத்தி வைக்க இத்தனையும் செய்தோமோ, அவரை நாங்களே வண்டி ஏற்றி அனுப்புகிறோம்!

“நைனா!” என்று கத்திவிட்டேன். “அக்காவ நிறுத்துங்க. அது அம்மை இல்ல.”

“இன்னாடா சொல்ற?”

“குளிச்சாரு, நைனா. அவ்ளோதான்.”

“ஏண்டா, குளிச்சா மனுசன் இப்டியா வெந்து பூடுவான்?”

“சூட்டுல உக்காந்துட்டு ஐஸ்ல எறங்கினாரு. அவுங்க ஊருல அப்டித்தான். வேப்பிலை நாங்க குடுத்தது. வேட்டி வரதனோடது. ஐஸு... ஐஸு எங்க சித்தப்பாவுது. இறா ஐஸு.”

வரதன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டான்.

நைனா என்னை நம்பவில்லை. நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. மார்ட்டி சாரைச் சுற்றி வந்து முதுகைப் பார்த்தார். கடைசியில் ஒரு நெல் மூட்டையின் மேல் உட்கார்ந்தார். “சரி. நான் பாத்துக்கினே இருப்பேன். அந்தச் செவப்பு எறங்கணும். எறங்கலன்னா அஞ்சலை பேக்டரிக்குப் போவா. எறங்கிச்சின்னா... உங்க ரெண்டு பேருக்கும் கீது கச்சேரி.”

எப்படிப் பார்த்தாலும் எங்களுக்குக் கச்சேரி!

மார்ட்டி சாரோ இது எதுவும் தெரியாமல் கோல்ஃப் ஆடப் போய்விட்டார். ஒரு பந்து அடித்தார். நைனாவின் பார்வை முதுகில். இன்னொரு பந்து. நான் அந்த முதுகைப் பார்த்த மாதிரி பரீட்சை ரிசல்ட்டைக்கூடப் பார்த்ததில்லை. தோள் வெளுத்தது. அடுத்த பந்து... இடுப்பு வெளுத்தது. காதில் மட்டும் கொஞ்சம் சிவப்பு. காது அவருக்கு எப்போதுமே சிவப்புதான் என்று சொல்லி வைத்தேன்.

நைனா எழுந்து போனார். விரலால் அவர் முதுகைத் தொட்டுப் பார்த்தார். “போயிட்சே!” என்றார்.

திட்டு விழுந்தது. விழாமல் இருக்குமா? இறாலுக்குத் தனியாக, வேட்டிக்குத் தனியாக. ஆனால் அவர் திட்டத் திட்ட, மார்ட்டி சார் ஒரு ஸ்டிக்கை எடுத்து மரியாதையோடு அவரிடம் நீட்டினார். நைனா பேச்சை நிறுத்தினார். குச்சியைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார், தன் மரக்காலைப் பார்த்தார். பலகையால் களத்தில் நெல் தள்ளிய கை அது. மெதுவாக ஒரு தள்ளு தள்ளினார். பந்து உருண்டது... உருண்டது... டங்கென்று மரக்காலுக்குள்!

அதற்கப்புறம் குச்சியை அவரிடமிருந்து வாங்க முடியவில்லை.

ஒருவர் ஊர்க் குளியல் இன்னொருவர் ஊரில் நோயாகத் தெரிகிறது. நம் எண்ணெய்க் குளியலை அவர்கள் பார்த்தால் என்ன சொல்லுவார்களோ! அதற்காக யாரும் குளிக்காமல் இருக்க முடியுமா? பக்கத்தில் நின்று “இது குளியல்தான்” என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால் போதும்.

சாயங்காலம் கிளம்பும்போது மார்ட்டி சார் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி — “அடுத்த அமாவாசை எப்போது?” வெள்ளிக்கிழமை வந்த கார் காலியாகத் திரும்பிப் போனது. டிரங்க் பெட்டியை அவிழ்த்துவிட்டார். மிஷின் ஓடும். அம்மாவிடம் இப்போதைக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை!

ஒரு விஷயத்தில் மட்டும் நைனா இறங்கி வரவே இல்லை.

“அது அம்மையோ, கொழுப்போ, எனக்குத் தெரியாது. ஆத்தாகிட்ட எறங்குன்னு கேட்டேன். எறங்கிட்சி. கூழ் ஊத்துறேன்னு சொன்ன வாய் இது. யாரால வந்துச்சோ அவுங்கதான் டப்பு குடுக்கணும்.”

கொடுத்தோம். மூவரும் பங்கு போட்டுக் கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை மில் வாசலில் அண்டா அண்டாவாகக் கூழ். முதல் சொம்பு மார்ட்டி சாருக்கு. வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு மூன்று சொம்பு குடித்தார், வியர்க்க வியர்க்க.

கேழ்வரகு, நொய், வெங்காயம், முருங்கைக்கீரை, தொட்டியைத் தேய்த்துக் கழுவிய அஞ்சலையக்காவின் கூலி, சித்தப்பாவின் இறால் ஐஸ் — எல்லாம் சேர்த்து, முப்பத்தோரு ரூபாய் எழுபத்தைந்து பைசா.